கவிழ்த்துப் பார்த்தல்

பழைய புத்தகக் கடையில் வாங்கிவந்த நூலின் முதற்பக்கத்தில் முன்னவர் ஒருவரின் பெயரும் தேதியும் எழுதப்பட்டிருந்தால் நமக்குள் ஒரு சிறு கிளர்ச்சி ஏற்படுகிறது. யார் இவர், எந்த ஊரில் இருந்து இதை வாசித்தார், ஏன் விற்றார் என்று மனம் கதை பின்னத் தொடங்கிவிடுகிறது. விடை கிடைக்காவிட்டாலும் நமக்கு இழப்பு ஏதுமில்லை. பழைய மிதிவண்டியை வாங்கும்போதும் இதே கேள்விகள்தாம் எழுகின்றன. அங்கே மட்டும் விடை தெரிந்தாக வேண்டும். இது யாருடையது, எங்கே இருந்தது, ஏன் விற்கப்படுகிறது? மூன்றுக்கும் பதில் இல்லாமல் பணத்தை நீட்டுகிறவர் தம் பணத்தோடு, முகமறியாத இன்னொருவரின் வண்டியையும் சேர்த்துப் பணயம் வைக்கிறார். இணைய ஏலங்களில் மிதிவண்டிகளை வாங்கியும் விற்றும் சில ஆண்டுகளில் நான் கற்றுக்கொண்டது ஏறக்குறைய இந்த ஒன்றைத்தான். அதைக் கொஞ்சம் விரித்து எழுதிப் பார்க்கிறேன்.

நான் வசிப்பது இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில். மிதிவண்டிக்கும் இந்நகருக்கும் உள்ள உறவு பழையது. இங்குள்ள ராலே தெருவில் இருந்த ஒரு சிறு பட்டறையை 1880களின் இறுதியில் ஃபிராங்க் பவுடன் என்பவர் தம் வசமாக்கி விரிவுபடுத்தினார். அந்தத் தெருவின் பெயரே வண்டியின் பெயராயிற்று. 1950களின் தொடக்கத்தில் ராலே தொழிற்சாலையிலிருந்து ஆண்டுக்குப் பத்து இலட்சம் மிதிவண்டிகள் வெளிவந்தன. எழுத்தாளர் ஆலன் சில்லிட்டோ தம் இளமையில் அங்கே வேலை பார்த்தவர். 1958இல் வெளிவந்த அவருடைய 'சாட்டர்டே நைட் அண்ட் சண்டே மார்னிங்' நாவலின் நாயகன் ஆர்தர் சீட்டன், மிதிவண்டித் தொழிற்சாலை ஒன்றில் கடைசல் எந்திரத்தின் முன் நாளெல்லாம் நிற்பவன். இலக்கியத்தில் இடம்பிடித்த அந்தத் தொழிற்சாலை 2002இல் மூடப்பட்டது. பழைய ஆலை நிலத்தின் ஒரு பகுதியில் இன்று பல்கலைக்கழக வளாகம் நிற்கிறது.

இதில் நமக்கும் ஒரு கிளைக்கதை உண்டு. ராலே நிறுவனத்தை 1960இல் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் குழுமம் தன்னோடு இணைத்துக்கொண்டது. அதே குழுமத்தின் கூட்டுறவோடுதான் 1949இல் சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கப்பட்டு, அம்பத்தூரில் ஹெர்குலிஸ் வண்டிகள் உருவாயின. என் பெரியப்பா அந்தத் தொழிற்சாலையில் நெடுங்காலம் வேலை பார்த்தார். யாராவது வண்டி வாங்கப்போவதாகச் சொன்னால் அவர் சொல்லும் வாக்கியம் ஒன்றுதான்: "கவிழ்த்துப் பாக்காம வாங்காதே." பெடல் அச்சு சேரும் இடத்தில் ஃபிரேமின் அடியில் குத்தப்பட்டிருக்கும் எண்ணைத்தான் அவர் குறிப்பிட்டார். வண்டியின் மற்ற எதையும் மாற்றிவிடலாம். சீட்டை, ரிம்மை, வண்ணத்தை, முன்தலையில் ஒட்டிய பெயரைக்கூட மாற்றலாம். அந்த எண்ணை மாற்றுவது கடினம். அழித்தால் அழித்த தடம் நிற்கும்.

*

இணைய ஏலத்தின் இயக்கத்தை அறிந்தவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிச் செல்லலாம். ஈபே போன்ற தளங்களில் நீங்கள் தரத் தயாராக இருக்கும் உச்சத் தொகையைத் தளத்திடம் மட்டும் சொல்லிவிட வேண்டும். தளம் உங்கள் சார்பில், அடுத்தவரின் கேள்வியைவிட ஒரு படி மட்டும் உயர்த்திக் கேட்டுக்கொண்டே போகும். நீங்கள் 70 பவுண்டு என்று சொல்லியிருந்தாலும், அடுத்தவர் 47இல் நின்றுவிட்டால் உங்களுக்கு வண்டி 48க்குக் கிடைக்கும். பொருளியலாளர் வில்லியம் விக்ரி 1961இல் ஆராய்ந்து எழுதிய ஏலமுறைக்கு இது மிக நெருங்கியது. வென்றவர் கொடுப்பது இரண்டாமவர் மதித்த விலையை. ஆகவே உங்கள் மனத்தில் உள்ள உண்மையான மதிப்பைச் சொல்வதே உங்களுக்கு நன்மை என்பது அதன் தர்க்கம். அவருக்கு 1996இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

தர்க்கம் அழகானது, மனிதமனம் அப்படி இயங்குவதில்லை. ஏலம் முடியும் கடைசி நிமிடத்தில் இரண்டு பேருக்கு வெறி பிடித்துவிடும். ஆல்வின் ராத், ஆக்சல் ஓக்கன்ஃபெல்ஸ் என்ற இருவர் 2002இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கடைசி நொடிக் கேள்விகளைப் பற்றியதுதான். முடிவுநேரம் மாறாத ஏலங்களில் பலரும் கடைசிவரை பதுங்கியிருக்கிறார்கள். கேள்வி வரவர நேரம் நீளும் ஏலங்களில் அந்தப் பதுங்கல் குறைந்துவிடுகிறது. எனக்கு இதில் கிடைத்த நடைமுறைப் பாடம் எளியது. முதல்நாளே ஒரு தாளில் உச்சத் தொகையை எழுதி மேசையில் வைத்துக்கொள்ள வேண்டும். அத்தொகையில் புது செயின், பிரேக் கட்டை, டயர் ஆகியவற்றின் செலவைக் கழித்திருக்க வேண்டும். பிறகு கடைசி நிமிடத்தில் அந்தத் தாளைத் தவிர வேறு யார் பேச்சையும் கேட்கக்கூடாது.

விலையைவிட முக்கியமானது விளம்பரத்தின் உரைநடை. இலக்கியம் வாசிப்பவர்களுக்கு இந்த வேலையில் ஓர் அனுகூலம் இருக்கிறது. சொல்லப்பட்டதை விடச் சொல்லாமல் விட்டதைக் கவனிக்கப் பழகியவர்கள் நாம். 'காற்றடித்தால் ஓடும்' என்று ஒருவர் எழுதினால், காற்றடிக்கக்கூட அவர் முயலவில்லை என்று பொருள். 'சின்னச் சின்ன வேலை இருக்கிறது' என்பவர் அந்த வேலையை ஏன் தாமே செய்யவில்லை என்பதைச் சொல்வதில்லை. செயினும் பல்சக்கரமும் இருப்பது வலப்புறம். நான்கு படங்களும் இடப்புறத்திலிருந்தே எடுக்கப்பட்டிருந்தால் வலப்புறத்தில் ஏதோ இருக்கிறது. படம் மிக அழகாக, கடை விளம்பரம்போல இருந்தால், அதை இணையத்தில் படத்தேடல் செய்து பார்க்கலாம். வேறோர் ஊரில் முன்பே விற்றுப்போன வண்டியின் படமாக அது இருப்பதுண்டு.

கேட்டு வாங்கவேண்டிய படங்கள் சில உண்டு. ஹேண்டில் பாருக்குக் கீழே, முன்ஃபோர்க் நுழையும் குழாயின் பின்புறத்தை நெருக்கமாக எடுக்கச் சொல்ல வேண்டும். அங்கே வண்ணம் சுருங்கியோ புடைத்தோ இருந்தால் வண்டி எதிலோ நேராக மோதியிருக்கிறது, அது வேண்டாம். சீட் கம்பி மேலும் கீழும் நகர்கிறதா என்று கேட்க வேண்டும். எஃகுக் குழாய்க்குள் அலுமினியக் கம்பி ஆண்டுக்கணக்கில் அசையாமல் இருந்தால் இரண்டும் அரித்துப் பிணைந்துவிடும், பிரிப்பது பெரும்பாடு. செயினை அளப்பது இன்னும் எளிது. அதன் ஒவ்வொரு கண்ணியும் அரை அங்குலம். ஆகவே 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் இருக்கவேண்டும். பதினாறில் ஒரு பங்கு அங்குலம் நீண்டிருந்தால் செயினை மாற்றவேண்டும். எட்டில் ஒரு பங்கு நீண்டிருந்தால் பல்சக்கரங்களும் தேய்ந்திருக்கும்.

நாட்டிங்காமில் தயாரான ஸ்டர்மி-ஆர்ச்சர் மூன்று கியர் ஹப் பொருத்திய வண்டியானால் ஒரு கூடுதல் வசதி. பின்சக்கரத்தின் அந்த ஹப்பின்மேல் அது தயாரான ஆண்டையும் மாதத்தையும் குத்தியிருப்பார்கள். 'ஐம்பதுகளின் அபூர்வ வண்டி' என்று விளம்பரம் முழங்க, ஹப் எழுபதுகளைக் காட்டினால், சக்கரம் மாறியிருக்கிறது அல்லது விற்பவரின் வரலாற்றறிவு மாறியிருக்கிறது.

இந்நாட்டுச் சட்டத்தில் எனக்குப் பிடித்த ஒரு கூறும் இங்கே வருகிறது. தனிமனிதர் ஒருவர் தம் பழைய பொருளை விற்கும்போது அது நல்ல தரத்தில் இருக்கவேண்டும் என்று சட்டம் வற்புறுத்துவதில்லை. பார்த்து வாங்குவது வாங்குபவர் பொறுப்பு. ஆனால் பொருள், விற்பவர் தந்த விவரிப்புக்கு ஒத்திருக்க வேண்டும். விற்பதற்கு அவருக்கு உரிமையும் இருக்கவேண்டும். அதாவது விற்பவர் தம் சொற்களுக்குக் கட்டுப்பட்டவர். எனவே ஏலம் முடியுமுன் விளம்பரத்தை முழுதாகப் படியெடுத்து வைத்துக்கொள்வது என் வழக்கம்.

*

2019 இலையுதிர்காலத்தில் திருச்சிப் பக்கத்திலிருந்து முதுகலை படிக்க வந்திருந்த இளைஞர் ஒருவர் எங்களுக்குப் பழக்கமானார். நகருக்கு வெளியே ஒரு சரக்குக் கிடங்கில் அவருக்குப் பகுதிநேர வேலை. முதல் முறை காலை ஆறு மணிக்குத் தொடங்கும். அந்நேரத்துக்கு அங்கே போய்ச் சேரப் பேருந்து இல்லை. வாரத்தில் மூன்று நாள், ஒன்றேகால் மணிநேரம் இருட்டில் நடந்து போனார். வாடகையும் சாப்பாடும் போக அவர் கையில் மிஞ்சியது 80 பவுண்டு. அதற்குள் ஒரு மிதிவண்டி பார்த்துத் தரும்படி கேட்டார்.

ஒரு வாரத்தில் ஒன்று கண்ணில் பட்டது. புதிதாக வாங்கினால் 500 பவுண்டு ஆகக்கூடிய வண்டி. தொடக்க விலை 50. ஏலம் 60ஐத் தாண்டவில்லை. மூன்று படங்கள். விவரிப்பு ஒரே வரி: நண்பருக்காக விற்கிறேன், ரொக்கம் மட்டும், நேரில் வந்து எடுத்துக்கொள்ளவும். இளைஞர் மிகுந்த உற்சாகத்தோடு தொலைபேசியில் அழைத்தார்.

"அண்ணா, அறுபதுக்கு வருது. நம்ம ஊர் பக்கத்துலயே. இதுக்கு மேல என்ன வேணும்?"

"எண்ணைக் கேட்டிருக்கேன் தம்பி. வரட்டும்" என்றேன்.

ஃபிரேமின் அடியில் உள்ள எண்ணைப் படமெடுத்து அனுப்பும்படி விற்பவருக்கு எழுதியிருந்தேன். முதல் பதில், எதற்கு என்று வந்தது. வாங்குமுன் பார்ப்பது என் வழக்கம் என்று எழுதினேன். வண்ணம் பூசி மறைந்துவிட்டது என்பது இரண்டாவது பதில். பரவாயில்லை, அந்த இடத்தை அப்படியே எடுத்து அனுப்புங்கள் என்றேன். மறுநாள் படம் வந்தது. மங்கலாக இருந்தாலும் எண்ணைப் படிக்க முடிந்தது. இங்கே பைக் ரெஜிஸ்டர் என்ற நாடு தழுவிய பதிவேடு உண்டு, காவல்துறையினரும் பயன்படுத்துவது. உரிமையாளர்கள் தம் வண்டியின் எண்ணை அதில் பதிந்துவைக்கலாம். வாங்க நினைப்பவர்கள் ஓர் எண்ணை உள்ளிட்டு, அது களவுபோனதாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கலாம். நான் உள்ளிட்ட எண் களவுபோனது என்று வந்தது.

அன்று மாலை இளைஞர் வீட்டுக்கு வந்தார். திரையைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாம திருடலையே அண்ணா" என்றார் மெதுவாக. "நாம வாங்கலைன்னா நாளைக்கு வேற ஒருத்தர் வாங்கிட்டுப் போவார். வண்டிக்காரருக்கு எப்படியும் திரும்பக் கிடைக்கப்போறதில்ல."

அவர் சொன்னதை நான் எளிதாக ஒதுக்கிவிடவில்லை. இருட்டில் நடப்பவர் அவர். நாற்காலியில் அமர்ந்து அறம் பேசுவது எனக்குச் சுலபம். அவருடைய வாதத்தின் முதல் பாதிக்கு ஒரு காலத்தில் இந்நாட்டுச் சட்டமே துணைநின்றிருக்கிறது என்பதையும் சொல்லவேண்டும்.

*

இங்கிலாந்தில் 'திறந்த சந்தை' என்று ஒரு பழைய விதி இருந்தது. முறையாக நிறுவப்பட்ட பொதுச்சந்தையில், சூரியன் உதித்தபின் அது மறையுமுன், நல்லெண்ணத்தோடு ஒருவர் ஒரு பொருளை வாங்கினால், அது களவுபோன பொருளாகவே இருந்தாலும், வாங்கியவருக்கே சொந்தமாகிவிடும். பறிகொடுத்தவர் பின்னால் வந்து கேட்க முடியாது. பட்டப்பகலில் ஊரறிய விற்கப்பட்ட பொருளை உரியவர் வந்து கண்டுபிடித்திருக்கலாம் அல்லவா என்பது அதன் பின்னிருந்த நியாயம். எல்லாரும் ஒரே சந்தைக்கு வரும் சிற்றூர்க் காலத்துக்கு அது பொருந்தியிருக்கும். 1973இல் ஒரு வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்தது. களவுபோன ஓர் இணை மெழுகுவத்தித் தண்டுகளை ஒருவர் லண்டனில் பெர்மண்ட்சிப் பகுதிச் சந்தையில் வாங்கியிருந்தார். ஆனால் வாங்கியது விடிவதற்கு முன். டென்னிங் பிரபு உள்ளிட்ட நீதிபதிகள், சூரியன் உதிக்கவில்லையாதலால் அந்த விற்பனைக்குத் திறந்த சந்தை விதி பொருந்தாது என்று தீர்ப்பளித்தார்கள். பொருள் பறிகொடுத்தவருக்கே போயிற்று. விடியாத இருட்டு ஒருவருடைய உடைமையைத் தீர்மானித்த வழக்கு அது.

அந்த விதி 1994ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தால் நீக்கப்பட்டு, 1995 ஜனவரியில் முடிவுக்கு வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் பியர் ஒமிட்யார் அமெரிக்காவில் தொடங்கிய ஏலத்தளம்தான் பின்னாளில் ஈபே ஆயிற்று. சூரியன் மறையாத, ஊர் எல்லையில்லாத சந்தை ஒன்று பிறந்த ஆண்டில், சந்தையில் வாங்கியதாலேயே பொருள் நமதாகிவிடும் என்ற பழைய ஆறுதல் மறைந்துவிட்டது. இன்று இங்கே களவுபோன மிதிவண்டியை எவ்வளவு நல்லெண்ணத்தோடு, எவ்வளவு விலைகொடுத்து வாங்கினாலும் அது உரியவருடையதே. அவர் அடையாளம் கண்டுவிட்டால் வண்டியும் போகும். பணத்தை, விற்றவரைத் தேடிப் பிடித்துத்தான் கேட்கவேண்டும். களவுப்பொருள் என்று அறிந்தோ நம்பியோ வாங்கினால் 1968ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டப்படி அதுவே ஒரு குற்றம். விசாவில் படிக்க வந்திருக்கும் ஓர் இளைஞருக்கு அதன் விளைவு 60 பவுண்டோடு நிற்காது.

இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். ஆனால் அவர் வாதத்தின் இரண்டாம் பாதிக்கு, அதாவது நாம் வாங்காவிட்டால் இன்னொருவர் வாங்குவார் என்பதற்கு, சட்டத்தில் பதில் இல்லை. அதற்கான பதில் என்று எனக்குத் தோன்றியது ஒரு திரைப்படம். வித்தோரியோ தெ சிக்கா 1948இல் எடுத்த 'பைசைக்கிள் தீவ்ஸ்' படத்தை இக்குழுவில் பலரும் பார்த்திருப்பீர்கள். மிதிவண்டி இருந்தால்தான் வேலை என்ற நிலையில், வீட்டுப் படுக்கை விரிப்புகளை அடகுவைத்து மீட்ட வண்டி, வேலையின் முதல்நாளிலேயே களவுபோகிறது. அந்த வண்டியின் பெயர் ஃபீதெஸ். இலத்தீனில் நம்பிக்கை என்று பொருள். அந்தோனியோவும் சிறுவன் புரூனோவும் ரோம் நகரத்துச் சந்தையில் தேடி அலையும் இடத்தில் ஒருவன் ஒரு ஃபிரேமுக்கு வண்ணம் பூசிக்கொண்டிருக்கிறான். அந்தோனியோ எண்ணைப் பார்க்கவேண்டும் என்கிறான், கடைக்காரன் மறுக்கிறான், காவலர் ஒருவரை அழைத்துவந்து பார்க்கிறார்கள். எண் வேறாக இருக்கிறது. படம் முழுவதிலும் மிகக் குறுகிய காட்சிகளுள் ஒன்று அது. அந்தச் சந்தை முழுவதும், பிரித்துக் குவித்த சக்கரங்களும் மணிகளும் பம்புகளும் எங்கிருந்து வந்தன என்று கேட்காத ஆயிரம் பேரால் உயிர்வாழ்கிறது. படத்தின் முடிவில் அந்தோனியோவே ஒரு வண்டியைத் திருட முயல்கிறான். கேட்காமல் வாங்குவதும், வேறு வழியின்றி எடுப்பதும் ஒரே சங்கிலியின் கண்ணிகள் என்று அப்படம் எனக்குச் சொல்கிறது.

இளைஞர் அப்படத்தைப் பார்த்ததில்லை. அன்றிரவு எங்கள் வீட்டிலேயே பார்த்தார். முடிந்தபின் எதுவும் பேசவில்லை. "சரிண்ணா, நடக்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஏலத்தளத்துக்கும் காவல்துறைக்கும் எண்ணோடு எழுதினேன். அன்று மாலைக்குள் விளம்பரம் மறைந்துவிட்டது. விற்க முயன்றவர் திருடராகத்தான் இருந்திருக்க வேண்டும் என்பதில்லை. எண்ணைக் கேட்காமல் எங்கோ வாங்கிவிட்டு, பிறகு ஐயம் தோன்றித் தள்ளிவிட நினைத்த இன்னொரு மனிதராகவும் அவர் இருந்திருக்கலாம்.

*

இளைஞர் அதன்பின் பதினாறு நாட்கள் காத்திருந்தார். பதினேழாம் நாள், பக்கத்து ஊரான பீஸ்டனில், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் ராலே வண்டி ஏலம் முடிந்தது. படங்கள் சுமாரானவை. ஆனால் விவரிப்பு ஒரு பக்கத்துக்கு நீண்டது. முன் மட்கார்டில் நசுங்கல், பின் சக்கரத்தில் சிறு கோட்டம், மூன்றாம் கியர் சிலநேரம் நழுவும், மணி ஒலிக்காது என்று குறைகளை வரிசையாக எழுதியிருந்தார். தம் பொருளின் குறைகளை இவ்வளவு அன்போடு சொல்பவர் அதை நெடுங்காலம் வைத்திருந்தவராகவே இருப்பார். எண்ணைக் கேட்டேன், ஒரு மணிநேரத்தில் வந்தது. மேசைத்தாளில் எழுதியிருந்த 70ஐ உள்ளிட்டோம். 48க்கு வண்டி கிடைத்தது.

இருவருமாகப் போனோம். இளைஞர் வண்டியைக் கவிழ்த்து எண்ணைப் படிக்க, அந்த அம்மையார் ஒரு பழைய ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு சரிபார்த்தார். ஹப்பில் 1972 என்று குத்தியிருந்தது. ரசீதிலும் அதே ஆண்டு. பணத்தை வாங்கிக்கொண்டு, ரசீதின் பின்புறத்தில் தேதியிட்டு, இவருக்கு விற்றேன் என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். பிறகு இளைஞர் அந்தத் தெருமுனைவரை ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். அவர் முகத்தைப் பற்றி எழுதுவதற்கு எனக்குத் திறமை போதாது. மூன்றாம் கியர் நழுவியதற்குக் காரணம் ஹப்பிலிருந்து வெளிவரும் சிறு சங்கிலியின் இறுக்கம் சரியாக இல்லாததுதான்; அன்று மாலையே திருகிச் சரிசெய்தோம்.

2021இல் அவருக்கு வேறு நகரத்தில் வேலை கிடைத்தபோது, வண்டியை விற்றுத் தரும் பொறுப்பு என்னிடம் வந்தது. விற்பவரின் பக்கத்திலிருந்து பார்த்தால் இந்தச் சந்தையின் மற்ற முகங்கள் தெரிகின்றன. விளம்பரம் இட்ட அன்றே ஒருவர், தாம் வெளிநாட்டில் இருப்பதாகவும், விலையைவிட அதிகத் தொகைக்குக் காசோலை அனுப்புவதாகவும், மிச்சத்தை வண்டி எடுக்க வருபவரிடம் கொடுத்துவிடும்படியும் எழுதினார். இது பழைய தந்திரம். காசோலை சில நாள் கழித்துத் திரும்பும். அதற்குள் நம் கைப்பணம் போயிருக்கும். இன்னொருவர் ஏலத்துக்கு வெளியே பேசி முடிக்கலாம் என்றார். தளத்துக்கு வெளியே போனால் தளத்தின் பாதுகாப்பும் போய்விடும் என்பதால் மறுத்தேன். வாங்குபவருக்கும் இதே எச்சரிக்கை உண்டு. பேபாலில் நண்பர்க்கும் உறவினர்க்கும் அனுப்பும் வகையில் பணம் அனுப்பச் சொல்லி ஒருவர் கேட்டால், அந்த வகைக்கு வாங்குவோர் பாதுகாப்பு கிடையாது என்பதை நினைவில் கொள்ளவேண்டும்.

விற்பவர் கவனிக்கவேண்டியவை இன்னும் சில. படத்தில் வீட்டெண்ணோ, வண்டி நிற்கும் கொட்டகையின் பூட்டோ தெரியக்கூடாது. விளம்பரங்களைத் திருடர்களும் வாசிக்கிறார்கள். எண்ணைக் கேட்பவருக்குத் தரவேண்டும். ஊரறிய அச்சிட வேண்டியதில்லை. ஓட்டிப் பார்க்க வருபவர் முழுத்தொகையையோ, தம் காரின் சாவியையோ நம்மிடம் தந்துவிட்டுத்தான் ஏறவேண்டும். நேர்மையானவர் இதற்குக் கோபிப்பதில்லை. முன்னதாகவே இணையவழி பணம் கட்டிவிட்டு நேரில் எடுத்துச்செல்பவர், பிற்பாடு வண்டி வந்து சேரவில்லை என்று முறையிட்டால், அஞ்சல் சான்று எதுவும் நம்மிடம் இருக்காது. அதற்காகவே ஈபேயில் வாங்கியவருக்கு ஒரு குறியீடு தருகிறார்கள். வண்டியை ஒப்படைக்கும்போது அதைக் கேட்டு வாங்கிப் பதிந்துவிட வேண்டும். தொலைவுக்கு அனுப்புவதானால் மிதிவண்டிக் கடையில் ஓர் அட்டைப்பெட்டி கேட்டு வாங்கி, பெடல்களைக் கழற்றி, ஹேண்டில் பாரைத் திருப்பிக் கட்டவேண்டும். இடப்பெடலின் மரை தலைகீழாக ஓடும் என்பதைச் சொல்லிவைக்கிறேன். அதை வழக்கமான திசையில் திருகித் திருகி இறுக்கிவிட்டுத் திகைப்பவர்கள் பலர்.

அந்த ராலேயை வாங்க வந்தவர் ஒரு மருத்துவமனைச் செவிலி. பேரம் பேசுமுன் வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துக் கைப்பேசி விளக்கொளியில் எண்ணைப் பார்த்தார். எனக்கு என் பெரியப்பாவின் நினைவு வந்தது. ஆசிரியை கையெழுத்திட்டிருந்த ரசீதில் இளைஞர் தம் கையெழுத்தையும் சேர்த்துவிட்டுப் போயிருந்தார்; அதைக் கொடுத்தபோது, இது வண்டியைவிட மதிப்புள்ளது என்றார் அவர்.

கடைசியாக ஒன்று. இந்நாட்டில் சில காவல்துறைகள், மீட்டெடுத்தும் உரியவர் வராத மிதிவண்டிகளை இணையத்தில் ஏலம் விடுகின்றன. உரிமைச் சிக்கல் இல்லாத வண்டிகள்; விலையும் மலிவு. நானும் அவ்வப்போது அந்தப் பட்டியல்களைப் பார்ப்பேன். பல வண்டிகள் நல்ல நிலையில் இருப்பவை. திருடனும் பிடிபட்டிருக்கலாம், வண்டியும் கிடைத்துவிட்டது. உரியவர் யார் என்று மட்டும் தெரியவில்லை. நீலநிற வண்டி, கறுப்பு சீட் என்றுதான் அவர்களால் சொல்ல முடிந்திருக்கும். அப்படி எத்தனையோ வண்டிகள் இருக்கின்றன. உங்கள் வீட்டில் ஒரு மிதிவண்டி இருந்தால், இன்றே அதைக் கவிழ்த்து, மண்ணைத் துடைத்துவிட்டு, அந்த எண்ணை ஒரு தாளில் எழுதிவையுங்கள். இரண்டு நிமிட வேலை.